உப்புத் தொட்டியில் இறால் குஞ்சு

அன்று எங்கள் மொட்டை மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவி. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவரை ஸ்கூட்டரில் ஏற்றி வந்த அவருடைய மருமகன். மருமகன் கடைசிவரை படிக்கட்டு ஓரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார், ஆனாலும் இருந்தார். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இவ்வளவு கறாராக இதைச் சொல்லக் காரணம் உண்டு. யார் என்ன சொன்னது என்று பிற்பாடு பேச்சு வந்தபோது, அன்று அந்தப் பக்கமே வராதவர்கள்கூடக் கூட இருந்து கேட்ட மாதிரி நியாயம் சொன்னார்கள்.

மாடியில் தகரம் போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் விரல் நீளம்கூட இல்லாத நன்னீர் இறால்கள் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் இறால் என்றால் குழம்பு. இல்லையென்றால் ஐஸ் பெட்டியில் ஏறி வெளிநாடு போகிற சரக்கு. பார்ப்பதற்கென்று ஒருவன் இறால் வளர்க்கிறான் என்று தெருவில் சிரித்தார்கள். எனக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். அதற்காகத்தான் வாங்கினேன்.

சென்னையிலிருந்து பேருந்து பார்சலில் வந்தவை அவை. நான் கேட்டது செர்ரி இறால், செக்கச்செவேலென்று இருக்கும் ரகம். வந்தவை கண்ணாடி மாதிரி இருந்தன. விலாவில் மட்டும் மங்கலாகப் புள்ளி. அனுப்பிய வியாபாரிக்குப் போன் போட்டு, இது என்ன ரகம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேள்வி கேட்டால் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. கேட்கவில்லை. அவற்றில் ஒன்று வயிற்றடியில் முட்டை சுமந்ததும், அந்தச் செய்தி கேட்டு அண்ணாச்சி தாமாகவே மாடியேறி வந்தார்.

கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தார். "செர்ரி எறாலுதான்வே இது. பார்சல்ல வந்த பயத்துல நிறத்த விட்டிருக்கு. குட்டிய பாரும், குங்குமம் கணக்கா வரும்" என்றார்.

"ஒருவேளை வேற ரகமா இருந்துட்டா, அண்ணாச்சி?"

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் கேட்டீரா?"

"கேட்டாவ அண்ணாச்சி. மூணு தடவ கேட்டாவ" என்றாள் என் மனைவி. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பேச்சு முடிந்தது இப்படி: பொங்கலுக்குள் ஐந்நூறு குட்டி கொடுக்க வேண்டும். முன்பணம் பத்தாயிரம். கொடுக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அண்ணாச்சி பணத்தை என் கையில் கொடுக்காமல் என் மனைவியிடம் கொடுத்தார். "இவரு ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டே கெடப்பாரு. நீயே வையி தாயி" என்றார்.

அவள் வீட்டில் தையல் தைக்கிறவள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் அவளிடம் இல்லை. தைத்த ஒவ்வொரு ரவிக்கையையும் அடுத்த தெருக் கடைக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து ஓரம் அடித்து வாங்கி வருவாள். தைத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அந்தப் பத்தாயிரத்தோடு தன் சேமிப்பில் மூவாயிரத்து ஐந்நூறு போட்டு, அந்த வாரமே பழைய மிஷின் ஒன்று வாங்கிவிட்டாள். "குட்டிய குடுத்துட்டா இது நம்ம மிஷின். குடுக்கலன்னா அண்ணாச்சி மிஷின்" என்று மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நன்னீர் உயிருக்கு உப்பு ஆகாது. பார்த்த வீடியோக்களில் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். உப்பளத்துக்கு அருகில் குடியிருக்கிறவனுக்கு அதைச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய்த் திருகு வருடத்துக்கு ஒன்று அரித்துப்போகும். என் வேலையோ துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில். காற்றே உப்பாக வரும். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் தொட்டி அறைக்குள் போவேன். லீவு நாளில் பைக்கில் ஏரல்வரை போய்த் தாமிரபரணித் தண்ணீரைக் கேனில் பிடித்து வருவேன். மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது என்றேன். மனைவி கேட்டுக்கொண்டாள்.

முதல் ஈடு முட்டை பொரித்தது. நான் நினைத்தபடி சின்னச் சின்ன இறால்களாக வரவில்லை. தூசி மாதிரி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தண்ணீரெங்கும் மிதந்தன. ஆயிரம்கூட இருக்கும். ஒரு வாரத்தில் ஒன்றும் இல்லை. உப்புதான் எங்கிருந்தோ சேர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, உப்பு அளக்கிற கருவி ஒன்று வாங்கினேன். தண்ணீரை அடிக்கடி மாற்றினேன். அடுத்த ஈடு பொரித்தபோது இன்னும் அதிகமாக மாற்றினேன். வாளியில் எடுத்த தண்ணீரோடு தூசிக் குஞ்சுகளும் வந்தன. "கீழ கொட்டிரு" என்று மனைவியிடம் கொடுத்தேன்.

அவளுக்கு உயிருள்ளதைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. போர் தண்ணீர் நிரப்பி வைத்து, பைக் கழுவவும் செருப்புக் கழுவவும் எடுப்போம். வெயிலில் வற்றி வற்றி, விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, தண்ணீர் பச்சைப் பசேலென்று கிடக்கும். அதில் கொண்டுபோய் ஊற்றினாள். மாற்றும்போதெல்லாம் அதையே செய்தாள். என்னிடம் சொல்லவில்லை.

மாடித் தொட்டியில் இரண்டாவது ஈடும் மாய்ந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்களேன். கொசுப்புழுவான்னு பாருங்க."

மொபைல் விளக்கைத் தொட்டித் தண்ணீருக்குள் அடித்தாள். பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வந்தன. தூசியாக இல்லை, கண்ணும் வாலும் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. கூட்டம் கூட்டமாக.

"ஏளா, இது உப்புத் தண்ணியில்லா! எப்ப ஊத்துன?"

"நீங்க கொட்டச் சொன்னப்பல்லாம்."

"எல்லாம் செத்துரும். கேன எடு, ஆத்துத் தண்ணிய எடு!"

அவள் எடுக்கவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். "அதுங்க அங்கன நல்லாத்தான இருக்கு. இம்புட்டு நாள் சாகலயே, இன்னைக்கா சாவப்போவுது? விடுங்களேன்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. மிஷினு போயிரும், தெரியும்லா?"

"அதனாலதான் சொல்லுதேன், விடுங்கன்னு."

நான் விடவில்லை. அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வடிகட்டியால் அள்ளி அள்ளி, ஒன்றையும் விடாமல் நல்ல தண்ணீரில் சேர்த்தேன். ஒரு குஞ்சாவது தவறிப்போய் அந்த உப்பில் கிடந்து சாகக் கூடாதே என்று, மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். சாயங்காலம் களைத்துப் போய் உட்கார்ந்தபோது, வாழ்க்கையில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்த நிம்மதி இருந்தது. மிஷின் சத்தம் மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மாடியில் கண்ணாடித் தொட்டியின் அடியில் வெள்ளை மாவு தூவிய மாதிரி கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் சென்னை வியாபாரிக்குப் போன் போட்டேன். இழக்க ஒன்றும் இல்லாதபோது கூச்சம் போய்விடுகிறது. சின்ன வயசுக் குரல். சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டான்.

"முட்டை எப்படிண்ணே இருந்துச்சு? கடுகு மாதிரி கொஞ்சமா இருந்துச்சா, கசகசா மாதிரி நிறைய இருந்துச்சா?"

"கசகசா மாதிரிதான் தம்பி."

"அப்ப அது செர்ரி இல்லண்ணே. பாசி திங்கிற ரகம், பார்சல் மாறி வந்திருக்கும். செர்ரின்னா முட்டையிலேர்ந்து நேரா குட்டி எறாலாவே வந்துடும். இந்த ரகம் பெருசானா நல்ல தண்ணில இருக்கும், ஆனா குஞ்சு கடல் தண்ணிலதான் வளரும். பெரிய எறால் மாதிரி உருவம் வந்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணிக்கு மாத்தணும்."

அவன் ஆறுதலுக்காக இன்னொன்று சொன்னான். "வருத்தப்படாதீங்கண்ணே. அதைக் குட்டி எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். எனக்குத் தெரிஞ்சு யாரும் எடுக்கல. எடுத்தா செர்ரியவிட விலை கூட."

யாரும் எடுக்காததை என் மனைவி செருப்புக் கழுவுகிற தொட்டியில் பாதிவரை எடுத்து வைத்திருந்தாள்.

யார்டில் என் வேலை, லாரியில் வருகிற பெட்டியின் எண்ணைச் சரிபார்ப்பது. நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்ப்பேன். டிரைவர்கள் ஏசுவார்கள். அப்படிப்பட்டவன், ஒரு முட்டை கடுகா கசகசாவா என்று பார்க்கவில்லை. பயம் ஒருவனைக் கவனமாக வைத்திருக்கும் என்று நம்பியிருந்தேன். அது கையைத்தான் பரபரக்க வைத்தது, கண்ணை அல்ல.

பொங்கல் கழிந்து அண்ணாச்சி வந்தார். நடந்ததைச் சொன்னேன். "நீங்கதான செர்ரின்னு சொன்னிய" என்று மெல்லக் கேட்டேன்.

"நான் எங்கவே சொன்னேன்? குட்டி பொறந்தாத்தான் நிறம் தெரியும்னுல்லா சொன்னேன்?"

"ஆமா, மாமா அப்படித்தான் சொன்னாவ" என்றார் மருமகன்.

"நீங்க போன்லல்லா இருந்திய?" என்றாள் என் மனைவி. மருமகன் மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பணம் பணம்தானே. ஒரு மாதம் தவணை கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் துறைமுகக் கடற்கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து முயன்றேன். ஒரு ஈடுதான் பொரித்தது. தினமும் கலங்கிவிட்டதோ, வற்றிவிட்டதோ என்று எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தேன், அந்த ஈடும் தங்கவில்லை. கொல்லைத் தொட்டியில், குஞ்சுகள் தின்று வளர்ந்த அந்தப் பச்சை மறுபடி பிடிக்கவே இல்லை. கோடை வந்ததும் தாய் இறால்களும் ஒவ்வொன்றாய்ப் போயின.

மிஷினை எட்டாயிரத்துக்குத்தான் எடுத்தார்கள். தூக்கிப்போக வந்தவர்களுக்கு அவளே கதவைத் திறந்து பிடித்தாள். குறைந்த இரண்டாயிரத்தைத் தன் தையல் காசிலிருந்து போட்டு, அண்ணாச்சி கையில் பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள். அன்றைக்கு விட்டிருக்கலாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்குப் பல நாள் இருந்திருக்கிறது.

இப்போது மறுபடியும் ரவிக்கைகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறாள். சேமிப்பில் மூவாயிரத்து ஐந்நூறும், தையல் காசில் இரண்டாயிரமும் அவளுடையது. ஓவர்டைம் பார்த்த காசில் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். வாங்கி, எண்ணாமல் டப்பாவில் போட்டாள். என் மனைவிக்கு நான் இன்னும் தர வேண்டியது நாலாயிரம் ரூபாய்.