பச்சைக் கத்தியில் ஒட்டியிருந்த மண்

சந்திரகலா திருச்சிக்காரி. மெக்சிகோவின் பழங்குடிகள் எரிமலைக் கண்ணாடியில் செதுக்கிய கத்திகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். ஒரு கத்தியைக் கையில் கொடுத்தால், அந்தக் கல் எந்த மலையில் வெட்டியது என்று எக்ஸ்ரே கருவியில் பார்த்துச் சொல்லிவிடுவாள். கல்யாணமாகி பஹ்ரைன் வந்தபின் அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. குதைபியாவில் வீடு. சிமெண்டும் கம்பியும் சோதிக்கும் லேபில் டூட்டி.

போன வருஷம், லேப் முதலாளிக்கு வேண்டிய ஒரு பணக்காரர் தான் வாங்கிய பழங்காலக் கத்தி ஒன்றை அனுப்பினார். கொண்டுவந்தவர் அவரிடம் வேலை பார்க்கும் கீழக்கரை முகம்மது யூசுப்.

"ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க மேடம். ஷோகேஸ்ல வைக்கணுமாம்."

துணியைப் பிரித்தாள். பச்சை ஓடிய கண்ணாடிக் கல். விளிம்பில் இன்னும் உதிராத புது மண்; மண்ணுக்குள் சிவப்புப் பொடி. அந்தப் பழங்குடிகள் பிணத்தின்மேல் தூவிய பொடி அது. யாரோ அண்மையில் ஒரு கல்லறையைத் தோண்டியிருக்கிறார்கள்.

கருவி மலையைக் காட்டியது: மெக்சிகோவின் பச்சூக்கா. ஆனால் அந்த மலைக் கல் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போயிருக்கிறது. எந்த ஊர்க் கல்லறை என்று அந்த மண்தான் சொல்லும்.

மண்ணையும் சோதிக்க அனுமதி கேட்டு முதலாளி அறைக்கு ஓடினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லைச் சொன்னால் போதும், மண் நம் வேலையில்லை, கலாஸ், அவ்வளவுதான் என்றார்.

திரும்பி வந்தபோது யூசுப் தொட்டியருகே கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுக்கா இருந்துச்சு மேடம். சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். பாருங்க, எப்படி மின்னுதுன்னு!"

நல்லது செய்த முகத்தோடு நின்றார் மனிதர். அவள் தொட்டிக்கடியில் உட்கார்ந்து கழிவுநீர்க் குழாயின் வளைவைக் கழற்றினாள். கையில் வந்தது சிமெண்டுச் சேறு. அதற்குள் எது கல்லறை மண்?

பழைய பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினாள். தோண்டிய இடம் தெரியாமல் எந்த அரசாங்கமும் அசையாது என்று பதில் வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று கணவர் அனந்தகிருஷ்ணனிடம் கேட்டாள்.

"நீ விட்டா மட்டும் தோண்டுறத நிறுத்திடுவாங்களா, கலா?" என்றார் அவர்.

ரிப்போர்ட்டில் மலையின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டாள். பணக்காரர் பேரீச்சம்பழப் பெட்டி அனுப்பினார்.

ரமலான் முடிந்ததும் யூசுப் மறுபடி ஒரு துணிப் பொதியோடு வந்தார். "எங்க முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம் மேடம். இன்னும் நாலு வாங்கிட்டாரு."

"யூசுப் பாய், தயவுசெஞ்சு இதையெல்லாம் கழுவிடாதீங்க."

"விக்கிறவங்க அங்கேயே கழுவித்தான் மேடம் அனுப்புறாங்க இப்ப."

அவள் கருவியின் சுவிட்சைப் போட்டாள்.