சுண்ணாம்புப் பால் நின்றபோது

தங்கம் எடுக்கும் ஆலையில் அவளுக்குச் சுண்ணாம்பு அக்கா என்று பெயர். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கொட்டுவாள். அது கொதித்து அடங்கிப் பாலாகும். அந்தப் பால் குழாய் வழியே பக்கத்துக் கூடத்துத் தொட்டிகளுக்குப் போகும். அங்கே அரைத்த பாறைச் சேற்றிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுப்பது சயனைடு. சுண்ணாம்பு போதுமான அளவு சேர்ந்திருக்கும்வரை அது சேற்றுக்குள் அடங்கிக் கிடக்கும். குறைந்தால் விஷக்காற்றாகக் கிளம்பிவிடும். ஊருக்கெல்லாம் தங்கம் வேண்டும், சுண்ணாம்பை யார் நினைக்கிறார்கள்?

இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள்தான், பல வருடம் நிம்மதியாக வேலை பார்த்தவள்தான். கணவர் அந்தத் தொட்டிக் கூடத்துக்கு மாற்றலாகி வந்தார், அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. சுண்ணாம்பு படிந்து குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே இருந்து மரச்சுத்தியால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளோ நாலு தட்டு தட்டிவிட்டுக் கூடத்து வாசலுக்கு ஓடுவாள். அவர் நடமாடுவதைக் கண்டால்தான் மூச்சு வரும். திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து ஓடுவாள்.

"கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டியா நீ? நான் எங்க தொலஞ்சு போயிடப் போறேன்? கூட வேலை பாக்கிறவங்க சிரிக்கிறாங்க," என்று அன்று காலை சாப்பிடும்போது அவர் கடிந்துகொண்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்தும் போனார்.

வேலைக்கு வந்தவளுக்கு அதே நினைப்பு. கோபத்தில் முகமூடியை மறந்திருப்பாரோ? சுத்தியை வைத்துவிட்டுப் போனாள். வாசலிலிருந்து பார்த்தால் ஆளைக் காணோம். இதோ வந்துவிடுவார், இந்தத் தொட்டிக்குப் பின்னால் இருப்பார் என்று நின்றாள். பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை. நேரம் போனது தெரியவில்லை.

அபாய மணி அடித்தது. ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள், அவர் முகம் இல்லை. உயிரே போய்விட்டது அவளுக்கு.

கடைசியில்தான் வந்தார். சயனைடு குழாயை மூடிவிட்டு, இருமிக்கொண்டே வந்தார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுண்ணாம்பு வர்றது நின்னுபோச்சு," என்றார் மூச்சிரைக்க. பிறகுதான் அவளை நன்றாகப் பார்த்தார். "நீ இங்க நிக்கிறியே, அங்க யாரு இருக்கா?"

அவர் அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அங்கே யாரும் இல்லை. பிடித்திருந்த அவர் சட்டையை அவள் மெல்ல விட்டாள்.