மாவு மில்காரரின் நாலு மாத்திரை

மாவு மில்காரர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தூசியில் நிற்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான் என்பது ஊரின் தீர்ப்பு. சளியில் ரத்தம் வரும்வரை அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். புருவம், காதுமடல் எல்லாம் மாவு படிந்த அவருக்கு ‘வெள்ளை’ என்று பட்டப்பெயர். காசநோய் என்று தெரிந்த அன்று மனைவி சொன்னாள்: “வெளியில மூச்சு விடாதீங்க. அப்புறம் ஒரு ஈ காக்கா அரைக்க வராது.”

மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. சளியில் கிருமி இல்லை என்று ஆகட்டும், தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம் என்று மாத்திரை தரும் நர்ஸ் சொல்லியிருந்தாள். வெள்ளை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பீடியை விட்டார், மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. மாத்திரையால் சிறுநீர் செம்மண் நிறத்தில் போனபோதுகூட, நோய் கரைந்து இறங்குகிறது என்று சமாதானமானார். இருமல் அடங்கியது. தொளதொளத்த சட்டை மறுபடி தோளில் நின்றது.

இரண்டு மாதம் கழித்து எடுத்த சளிப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது.

நர்ஸ் காலையில் மில்லுக்கே வந்துவிட்டாள். மாத்திரையைப் போடாமல் எத்தனை நாள் ஏமாற்றினீர்கள் என்கிற தோரணையில் விசாரித்தாள். மனைவிக்குக் கோபம். காலி அட்டைகளைப் பையோடு கொண்டுவந்து மூட்டைமேல் கொட்டினாள். நர்ஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் மிச்சமில்லை.

“கோழிக்குப் போட்டுட்டீங்களாண்ணே?”

வெள்ளைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. இருமல் போயிற்று, உடம்பு தேறிற்று, மருந்தும் உள்ளே போயிற்று. பிறகு கிருமி எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது? சளி டப்பா ஆள் மாறியிருக்குமோ என்றுகூட நினைத்தார்.

வெறும் வயிற்றோடுதானே இருக்கிறீர்கள், இன்றைக்கு என் முன்னால் போடுங்கள் என்றாள் நர்ஸ். நாலு மாத்திரையை உள்ளங்கையில் வாங்கினார். ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் பெல்ட்டைச் சரிபார்க்கத் திரும்பினார்.

“மீதி?”

“மத்தியானம் சாப்பிட்டு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு.”

“தினமும் அப்படித்தானே போடுறாரு,” என்றாள் மனைவி, இதிலென்ன என்பதுபோல்.

ஆரம்பத்தில் நாலையும் சேர்த்துத்தான் விழுங்கினார். குமட்டி, இயந்திரத்தின் பக்கத்திலேயே வாந்தி. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூட்டையை அப்படியே கவிழ்த்தால் இயந்திரம் திணறும், பெல்ட் நழுவும். கையளவாகத் தள்ளினால் எவ்வளவு தானியமும் மாவாகிவிடும். பாதி ஆயுளாக அவர் பார்க்கிற வேலை இதுதான். வயிற்றுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்குமா?

“அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு நினைச்சேன் சிஸ்டர்.”

“அம்மி நகரும்ணே. கிருமி நகராது. நாலும் ஒண்ணா இறங்கினாத்தான் அடி பலமா விழும். குமட்டுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

போட்டீர்களா என்று வாராவாரம் கேட்டவள், எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டதில்லை. அது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

கிருமி போகாதது அதனால்தானா என்று கேட்டார். இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றாள். இந்த மருந்துக்குக் கிருமி இன்னும் பணிகிறதா என்று மறுபடி சளியை அனுப்பிப் பார்க்க வேண்டும். அதுவரை குழந்தையைத் தூக்க வேண்டாம்.

சட்டைப்பையில் இருந்த மூன்றையும் அங்கேயே போட வைத்தாள். வயிற்றில் பெல்ட் நழுவும் என்று காத்திருந்தார். நழுவவில்லை. அது வேறு குழப்பமாக இருந்தது.

முடிவு நல்லபடியாக வந்திருக்கும் என்று எண்ணி மகள் சாயங்காலம் குழந்தையோடு வந்தாள். அம்மா வழியிலேயே விஷயத்தைச் சொல்லி, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டாள். வெள்ளை துண்டால் வாயை மூடிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினார். காற்றில் இருந்த மாவு மெல்ல இறங்கியது. துணிச்சுருளுக்கு வெளியே குழந்தையின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது.

“பார்க்க நல்லாத்தானேப்பா இருக்கீங்க?” என்றாள் மகள் அங்கிருந்தே.

“நல்லாத்தாம்மா இருக்கேன்,” என்றார். “அதான் புரியல.”