ஒன்பதாம் ரோடு ரோசலி

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணியானால் போதும், ஒடெஸ்ஸா பிக்கன்ஸ் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மூக்கில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிக்கொள்வாள். பிறகு டன்மோர் வானொலிக்குப் போன் போடுவாள். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். அறுபது பிள்ளைகளை அதட்டி அதட்டி ஊருக்கே பழகிப்போன குரல். கிளிப் இல்லாமல் அதை மறைக்க முடியாது.

"ஒன்பதாம் ரோட்டுலேருந்து ரோசலி பேசறேன் தம்பி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. மூணாவது வாய்ப்பு. ஒரே ஒரு கஜம் வேணும். எதிராளி அத்தனை பேரும் நடுவுல குவிஞ்சு நிக்கறான். நம்ம கோச் பந்தை எங்க அனுப்பறாரு? நடுவுல! செவுத்துல முட்டிக்கிற ஆட்டுக்குக்கூட ரெண்டாந்தடவை புத்தி வரும். பந்தைத் தூக்கி ஓரமா எறியச் சொல்லேன்பா!"

நிகழ்ச்சி நடத்தும் டஸ்டி சிரித்துச் சிரித்துப் புரையேறுவான். பிரூயிட் கல்லூரியின் 'கோவேறு கழுதைகள்' என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் நாலு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேறுகிற அந்தக் கணக்கை ரோசலி மாதிரி பிரித்து மேய ஆளில்லை. வேலையை விட்டுவிட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள் ஜனங்கள்.

கிளிப்புக்குக் காரணம் வினோனா. கோச் கார்லண்ட் மேபரியின் மனைவி. தேவாலயப் பாடகர் குழுவில் ஆறு வருடமாக ஒடெஸ்ஸாவின் இடது பக்கம் நிற்கிறவள். ஒடெஸ்ஸா கண்ணாடியை மறந்துவிட்டு வரும் நாட்களில் (அதாவது எல்லா நாட்களிலும்) பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறவள். ஒடெஸ்ஸாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது இருபது நாள் மருத்துவமனைக்குக் காரோட்டியவளும் அவளே. அப்படிப்பட்டவளின் புருஷனை வாரம் தவறாமல் கிழிப்பது தப்பு என்று ஒடெஸ்ஸாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மூன்றாவது வாய்ப்பில் பந்து நடுவில் போகும்போது அவள் வாய் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

மூன்று வருடம் இப்படி ஓடியது. பன்னிரண்டு ஆட்டத்தில் எட்டுத் தோல்வியோடு நவம்பர் முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. மேபரியை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஒடெஸ்ஸா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நீ கேட்டதுதானே நடந்திருக்கு? அப்புறம் ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டார் கணவர் ஏமஸ். அவருக்கு மீன் பிடிப்பதைத் தவிர உலகத்தில் வேறெதிலும் ஆர்வமில்லை.

எழவு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் எழுந்தாள். சாவு விழுந்த வீட்டுக்கு டன்மோரில் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். கோழியும் சோறும் பாலேடும் சேர்த்து, மேலே உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, பெரிய கண்ணாடித் தட்டில் வேகவைத்தாள். தட்டின் அடியில் வெள்ளை டேப் ஒட்டி 'ஒடெஸ்ஸா பி.' என்று எழுதினாள். பேர் எழுதாத தட்டு திரும்பி வராது.

வினோனா கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். "காலையிலேருந்து வாசப்படி ஏறின ஒரே ஆளு நீதான் ஒடெஸ்ஸா," என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள் ஒடெஸ்ஸா. "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்," என்றுதான் வந்தது. தெரிந்துவிட்டால் இந்தக் கை தன் தோளைவிட்டு எடுபட்டுவிடும் என்று பயம். அந்தத் திங்கட்கிழமை அவள் வானொலிக்குப் போன் போடவில்லை. அடுத்த திங்களும் போடவில்லை. ரோசலிக்கு உடம்பு சரியில்லையோ என்று டஸ்டி நேரலையிலேயே ஜெபிக்கச் சொன்னான்.

ஊர் அதற்குள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி புது கோச்சைத் தேடக் கிளம்பிவிட்டது. ஹோய்ட்டின் டயர் கடைதான் தலைமையகம். ஹோய்ட்டுக்கு நாற்பது வயது, வாய் மட்டும் எண்பது. டயருக்குக் காற்றடிக்க வந்த ஒடெஸ்ஸாவிடம் ஆரம்பித்தான்.

"அந்த ஜார்ஜியாக்காரர் வேணாம்க்கா. ஜெயிக்கிறவருதான், ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல எந்த ஊர்லயும் குப்பை கொட்டினதில்ல."

"நம்ம உதவிக் கோச்சையே போட்டா என்ன?" என்றார் சக்கரத்துக்காகக் காத்திருந்த கிழவர் ஒருவர்.

"ஏன், இன்னும் எட்டு தோக்கணுமா? கென்டக்கியில கோல்பின்னு ஒரு பையன் இருக்கான். முப்பத்திநாலு வயசு. நாலாவது வாய்ப்புலகூடப் பந்தை எதிராளிக்கு உதைச்சுக் கொடுக்க மாட்டான், ஆடியே பாப்பான். அவன் வந்தா வர்ற சீசன்ல ஒன்பது ஜெயிப்போம். எழுதி வெச்சுக்கோங்க."

ஒடெஸ்ஸா அடுக்கி வைத்திருந்த டயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஹோய்ட் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடுவில் குதித்தான். கல்லூரிக்குப் பணம் கொடுக்கும் டிராக்டர் முதலாளியின் குட்டி விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் பார்ப்பதுதான் பத்து நாளாக அவனுடைய முழுநேரத் தொழில். "நேத்து கென்டக்கி போச்சு! இப்ப திரும்பி வருது! அங்க யாரு இருக்கா? கோல்பி! இன்னும் நாப்பது நிமிஷம். ஒடெஸ்ஸாக்கா, வண்டியை எடு!"

பஞ்சு வயலுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதைதான் டன்மோர் விமான நிலையம். கம்பி வேலிக்கு வெளியே அறுபது பேர் கூடிவிட்டார்கள். கையில் மணிகள், கழுதைக் காது வைத்த தொப்பிகள். யாரோ ஒரு வாழைப்பழப் புட்டிங்கை ஒடெஸ்ஸாவின் கையில் திணித்தார்கள். ஹோய்ட் அவளை முன்னுக்குத் தள்ளி 'எங்க கோச்சே, வருக!' என்ற அட்டையையும் அவள் கக்கத்தில் செருகினான். விமானம் இறங்கியது. மணிகள் அதிர்ந்தன. கதவு திறந்தது.

இறங்கி வந்தவர் கார்லண்ட் மேபரி. பின்னாலேயே வினோனா.

ஒரு மணி மட்டும் விவரம் புரியாமல் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டு நின்றது. வேலையிலிருந்து தூக்கவைத்த டிராக்டர் முதலாளியே, பாவம் பார்த்து, வேறு வேலைக்கான நேர்காணலுக்குத் தன் விமானத்தைக் கொடுத்திருக்கிறார். அதை எந்தப் போன் காட்டும்?

மேபரி கூட்டத்தை மெல்லப் பார்த்தார். "அடேங்கப்பா. என் கடைசி ஆட்டத்துக்கே இவ்வளவு பேர் வரலியே," என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறுபது பேரும் சிரித்தார்கள், வெட்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி. ஒடெஸ்ஸாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வினோனாவின் கண் அந்த அட்டையில்தான் நின்றிருந்தது. ஒடெஸ்ஸா புட்டிங்கை நீட்டினாள். வினோனா வாங்கிக்கொண்டு, "உன் தட்டு எங்கிட்டதான் இருக்கு. ராத்திரி பாட்டுப் பயிற்சிக்குக் கொண்டாறேன்," என்று மட்டும் சொன்னாள்.

பயிற்சியில் வினோனா வழக்கம்போலப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தாள். ஒடெஸ்ஸாவுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணாடி அன்று மூக்கிலேயே இருந்தது. முடிந்ததும் வினோனா கண்ணாடித் தட்டைக் கொடுத்தாள். வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாதே, நிறைய பீக்கன் பருப்பு போட்ட இனிப்பு வைத்திருந்தாள்.

"அடியில பேர் சரியா இருக்கான்னு பாரு."

ஒடெஸ்ஸா தூக்கிப் பார்த்தாள். பழைய டேப்பைக் காணோம். புதிதாக ஒட்டிய டேப்பில் 'ரோசலி, ஒன்பதாம் ரோடு' என்று எழுதியிருந்தது.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "எப்பலேருந்து தெரியும்?"

"மொதல் திங்கக்கிழமையிலேருந்து. ஆறு வருஷமா என் காதுக்குப் பக்கத்துலயே பாடற. மூக்கை அடைச்சுக்கிட்டா குரல் மாறிடுமாடி? எதுல அடைச்ச?"

"துணிக் கிளிப்புல," என்றாள் ஒடெஸ்ஸா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடு வினோனா. உங்க வேலைக்கு உலை வெச்சுட்டேன்."

"நீ ஒண்ணும் வெக்கல. அந்த எட்டுத் தோல்வி வெச்சது. எனக்குக் கோபம் வராமலா இருந்துச்சு? மொதல் வாரம் புத்தகத்தை உன் பக்கம் சாய்க்கறதையே விட்டுடலாம்னுதான் பாத்தேன். அவர்தான் தடுத்தாரு. திங்கக்கிழமை ஆனா வண்டியை ஓரங்கட்டிட்டு உன்னைக் கேப்பாரு. 'மத்தவனெல்லாம் என்னைத் திட்டறான், இந்தப் பொம்பள ஆட்டத்தைத் திட்டறா'ன்னுவாரு." அவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள். "கென்டக்கியில ஹார்கின் காலேஜ்ல வேலை கிடைச்சாச்சு. நாங்க ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி, கிளிப் இல்லாம, அந்த மூணாவது வாய்ப்பை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ. அதான் உனக்குத் தண்டனை."

ஒடெஸ்ஸா சொன்னாள். மேபரியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி, அரை மணி நேரம் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "பாக்கலாம்," என்றார். அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோல்பி கடைசியில் வரத்தான் வந்தான், விமானத்தில் அல்ல. பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்து, வழியில் பஞ்சரான டயரை ஹோய்ட்டின் கடையிலேயே மாற்றிக்கொண்டு போனான். ஹோய்ட்டுக்கு ஆளை அடையாளமே தெரியவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, சீசனின் முதல் ஆட்டம். அட்டவணை நாலு வருடத்துக்கு முன்னால் போட்டது. வந்த அணி ஹார்கின்.

கடைசி நிமிடம் வரை கோவேறு கழுதைகள் நாலு புள்ளி முன்னே. பந்து ஹார்கின் கையில். மூன்றாவது வாய்ப்பு, ஒரே ஒரு கஜம். அரங்கம் முழுக்கச் சிரிப்பு, ஏனென்றால் மேபரி என்ன செய்வார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கழுதைகள் பதினொருவரும் நடுவில் குவிந்தார்கள்.

"ஐயோ, எறியப் போறாரு," என்றாள் ஒடெஸ்ஸா மட்டும்.

எறிந்தார்கள். நடுவில் புகுவதுபோலப் பாசாங்கு செய்து, ஆளே இல்லாத இடது ஓரத்துக்குப் பந்து பறந்தது. அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி. ஆட்டம் முடிந்தது.

ஹோய்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "இத்தனை வருஷம் இங்க இருந்தப்ப ஒரு தடவை எறிஞ்சிருப்பாராக்கா? இப்பப் போயி இவருக்கு இதை எந்தப் பாவி சொல்லிக் கொடுத்தா?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. வலித்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மைதானத்துக்கு எதிர்ப்புறம் ஹார்கின் கூட்டத்தின் நடுவே வினோனா பெஞ்சின்மேல் ஏறி நின்று இங்கேயே தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்ததும் இரண்டு விரலால் தன் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள்.

ஒடெஸ்ஸாவும் எழுந்து நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்க, பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

"என்னக்கா, நாத்தமா அடிக்குது?" என்று கேட்டான் ஹோய்ட்.