சேராமல் நின்ற கோடுகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பேத்தியின் கம்ப்யூட்டரில், கோட்டால் கட்டம் தெரிய வேண்டிய இடத்தில் கண்டபடி எழுத்துகள் நின்றன.

"ஆயா, இது கோட்டை வெச்சிக்காது, நம்பரைத்தான் வெச்சிக்கும். எந்த நம்பருக்கு எந்தக் கோடுன்ற பட்டியல் மாறிப்போச்சி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தரைக்கல் பதிக்கிறவர். ஒருநாள் முதல்முறையாக என்னையும் அரக்கோணத்துக்கு வேலைக்குக் கூட்டிப்போனார். நேர்கோடு, மூலை, கூட்டல்குறி போட்ட கற்கள் எங்கள் நடுவில் வரிசையாக மூன்று குவியலாக இருந்தன. அவர் கலவையைக் குழைத்துக்கொண்டே எத்தனையாவது குவியல் என்று எண்ணைச் சொல்ல, நான் கல்லை எடுத்து அடுக்கினேன். எதிரெதிராக உட்கார்ந்து அவரவர் இடப்பக்கத்திலிருந்து எண்ணியதால் அவருடைய ஒன்று எனக்கு மூன்று. அது இருவருக்கும் தெரியவில்லை.

நைனா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது, கோடு செவுத்துல போய் முட்டிகினு நிக்குது?"

இனிமேல் கூட்டிவர மாட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. அவரோ குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எழுந்து என் பக்கம் வந்து குந்தினார்.

"இப்போ உன் ஒன்னுதான் எனக்கும் ஒன்னு. எட்றா கண்ணு!"

சாயந்திரத்துக்குள் கோடு கூடத்தைச் சுற்றிவந்து சேர்ந்துவிட்டது.

பேத்தியும் பட்டியலை மாற்றினாள், கட்டம் பளிச்சென்று கூடிக்கொண்டது. நைனா சங்கதி சரிதான். கம்ப்யூட்டர் சங்கதியை மட்டும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.