பூங்காவுக்கு மேலே பறந்தவை

"அதோ போகுது பாருங்க சார், பூநாரை! எழுதுங்க, எழுதுங்க!" என்று பூங்கா மேலாளர் வானத்தைக் காட்டிக் கத்தினார்.

மாசி மாதத்து முதல் ஞாயிறு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பெரிய பூங்காவில் பறவைக் கணக்கெடுப்பு. அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆண்டு தவறாமல் இந்தக் கரையில் பறவை சர்வே நடத்துபவன் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். பூங்காவில் செயற்கை அருவி உண்டு, மெத்தென்ற புல்தரை உண்டு, சிமென்டில் செய்த பூநாரைகளும் உண்டு. உயிருள்ளவை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம், உப்புப் பாத்தியில் மேய்ந்துகொண்டிருந்தன.

"மேல பறந்து போறத சேர்க்கறதில்ல சார். பார்க்குல எறங்கி உக்காரணும், இல்ல மேயணும்," என்றேன்.

"என்னங்க நீங்க! பார்க்குக்கு மேல இருக்கற ஆகாசம் பார்க்குக்குத்தானே சொந்தம்?"

அவர் தேநீருக்கு நகர்ந்ததும், வேலியோரப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணே, அதுங்கள பார்க்கு கணக்குல எழுதிடாதீங்க."

"ஏம்மா?"

"பறவ பாக்க ஜனம் வருதுன்னு ஆச்சுன்னா, எங்க பாத்தியில மண்ண கொட்டி பார்க்கிங் போடப் போறாங்களாம். ஓனரு குடுத்துடுவாரு. அப்புறம் எனக்கு என்ன வேல? உள்ள வந்து சிமென்ட் பொம்மையாட்டம் நிக்கட்டுமா?"

விதியை விடாமல் பிடித்துக்கொண்டேன். பூங்காவுக்குள் கிடைத்தவை காகம், மைனா, மாடப்புறா, தவிட்டுக்குருவி, புதரில் ஒரு செம்போத்து. பூநாரையையும், பாத்திச் சேற்றில் இரை தேடிய உள்ளான் குருவியையும் 'வேலிக்கு வெளியே' என்று தனியாகப் பதிந்தேன். செல்வி பிழைத்தாள் என்று நினைத்தேன்.

பட்டியலைப் படித்த மேலாளரின் முகம் முதலில் தொங்கியது. பிறகு மலர்ந்தது.

"அப்போ பறவைங்கல்லாம் உப்பளத்துலதான் இருக்குதுன்னு சொல்றீங்க?"

"ஆமா சார்."

"சூப்பர்! பார்க்கையே அதுவரைக்கும் எக்ஸ்டெண்ட் பண்ணிட வேண்டியதுதான். உங்க ரிப்போர்ட்டையே வெச்சு மேல அனுப்பிடறேன்."

நிறைய எழுதினால் பார்க்கிங். குறைத்து எழுதினால் விரிவாக்கம். எப்படி எழுதினாலும் மண் விழுவது செல்வியின் பாத்தியில்.

"ஒரு நிமிஷம் சார், குறிப்பு விட்டுப்போச்சு," என்று தாளை வாங்கிக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாரும் எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பூநாரைக்கு நேரே எழுதினேன்: 'இது இங்கே மேய்வது ஆழமில்லாத உவர்நீர் இருப்பதால். அந்த நீரைப் பாத்தியில் கட்டி வைப்பவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். பாத்தியை நிரப்பினாலோ உப்பு வேலையை நிறுத்தினாலோ இந்தப் பறவை இங்கே வராது.' உள்ளானுக்கு நேரேயும் அதையே எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு, "ஏங்க, பறவைய எண்ணச் சொன்னா உப்பளத்துக்கு சிபாரிசு எழுதறீங்களே?" என்றார்.

"பறவயோட சாப்பாட்டப் பத்திதாங்க எழுதியிருக்கேன்."

எல்லாம் ஒரே தாளில் இருந்ததால், எண்ணிக்கை வேண்டுமென்றால் குறிப்பையும் சேர்த்துத்தான் அவர் அனுப்பியாக வேண்டும். அனுப்பினார். பாத்தியை நிரப்பினால் பறவையே வராது என்றால் பூங்காவை அங்கே நீட்டுவானேன் என்று மேலிடத்தில் யாரோ கேட்டார்களாம், விரிவாக்கம் நின்றது. ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தாக வேண்டுமே, பூங்காவின் புல்தரையைக் கொத்தி அங்கேயே பார்க்கிங் போட்டார்கள். செல்வி பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக சர்வேக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரியாக எண்ணுங்கள், ஆனால் எண்ணியதோடு எழுந்து போய்விடாதீர்கள். வெறும் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பறவை ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.