வேண்டாம் என்று நான் சொன்ன நாலாவது டை

போன சனிக்கிழமை என் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தேன்.

என்ன, திடுக்கிட்டுவிட்டீர்களா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் கத்தரிக்காய் விலையையும் கவுன்சில் வரியையும் பற்றிப் புலம்புகிற ஆளிடம் துவக்கா? ஓம், இருந்தது. லைசென்ஸோடு, இரும்பு அலுமாரிக்குள் பூட்டி. கிளப்பில் இலக்கு வைத்துச் சுடுகிற ரிவோல்வர். கைத்துப்பாக்கி எதையும் இந்த நாட்டில் இனி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், என்னைப் போன்றவர்கள் பொலிஸ் நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

என்னோடு ரொனும் நின்றார். மனோர் பார்க்கில் எனக்குப் பக்கத்து வீடு. ஒப்படைக்க அவரிடம் ஒன்றும் இல்லை... சும்மா துணைக்கு வந்தார்.

ரொனுக்கு வலது கண் இல்லை.

அது போனது என்னால். போன சனிக்கிழமை வரை, ஐந்து வருஷமாக, என் மனைவி ராஜியைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. இந்த வாரம் சிரிப்பதற்காக வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

ரொன் பஸ் டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் கிழமையே வேலிக்கு மேலால் கை நீட்டியவர். கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனவரும் அவர்தான். ராஜிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து சனம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வருது. நீங்கள் இஞ்சை சந்தா கட்டிப்போட்டுப் போய்ச் சுடுறியள்."

அதற்காக விட்டேனா? இல்லை. தொடர்ந்து போனேன். கவுன்சில் அலுவலகத்தில் கிழமை முழுக்கப் பைல் புரட்டுகிறவனுக்கு, அந்த ஒரு மணித்தியாலம் மனதில் வேறு ஒன்றும் ஓடாது.

சுடுவதைவிடத் தோட்டா வாங்குவதுதான் செலவு. அதனால் கிளப்பில் பலர் வெடித்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலே திரும்ப வெடிமருந்தும் ஈயக் குண்டும் அடைப்பார்கள். சட்டப்படி குற்றமில்லை. நானும் ரொனும் பாதிப் பாதி போட்டு அதற்கான பிரஸ் ஒன்று வாங்கினோம். புரோகிரசிவ் பிரஸ் என்பார்கள். கைபிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கீழே தட்டுச் சுழலும், கோதுகள் ஒவ்வொரு இடமாக நகரும், ஓரிடத்தில் மருந்து விழும், கடைசியில் ஒரு முழுத் தோட்டா வந்து விழும்.

அதற்கு டை வேண்டும். கழுத்தில் கட்டுவதுமில்லை, தலைமயிருக்குப் பூசுவதுமில்லை. கோதை அமுக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிற இரும்பு அச்சு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று.

கடைக்காரர் மேசையில் இரண்டு செட்டைப் பரப்பினார். ஒன்று கார்பைட் என்ற கடும் உலோகம் போட்டது. கோதுக்கு எண்ணெய் பூசத் தேவையில்லை, இறுகாது. அதோடு நாலாவதாக ஒரு டை... கோதுக்குள் மருந்து இல்லாவிட்டாலும் கூடிவிட்டாலும் கைபிடியைத் தடுத்துவிடும். மருந்து கூடினால் துவக்கே வெடித்துவிடும். மற்றது மலிவு. மூன்றே டை, சாதாரண இரும்பு.

ரொனின் கை முதலாவதுக்குத்தான் போனது. "இந்த நாலாவது நல்லது" என்றார்.

"நாலாவது எதுக்கு? எங்கள் இரண்டு பேருக்கும் நாலு கண் இருக்கே!" என்றேன் நான்.

கடைக்காரர் சிரித்தார். ரொனும் சிரித்தார். மலிவு செட்டை வாங்கினோம்.

சில மாதம் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை. ரொனுக்கு ஷிப்ட். அவருடைய ஷெட்டில் நான் தனியே நின்று அடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோதுக்கு எண்ணெய் பூச மறந்துவிட்டேன் போல... முதலாவது டையில் போய் இறுகிவிட்டது. கைபிடியை மேலும் கீழும் ஆட்டி, தட்டி, ஒருமாதிரி எடுத்தேன். அந்த ஆட்டலில் பக்கத்துக் கோதுக்குள் மருந்து ஒருதரம் விழுந்ததா, இரண்டுதரமா?

தட்டில் நின்ற எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் ராஜி, "சோறு ஆறுது, வாங்கோ" என்று கூப்பிட்டாள். கோதுக்குள் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். கைபிடியை இழுத்தேன். பெட்டியில் பேனையால் திகதி எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த நாள் கிளப்பில் ரொன் அந்தப் பெட்டியிலிருந்து சுட்டார். ஏழாவதோ எட்டாவதோ... சத்தம் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரிவோல்வரின் மேற்பக்கம் இல்லை. ரொன் நிலத்தில் இருந்தார். காப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அது போதவில்லை. முகத்தைப் பொத்திய விரல்களுக்கு நடுவால் இரத்தம். அந்த நிலையிலும் அவர் சொன்னது: "எல்லாரையும் சுடுறதை நிறுத்தச் சொல்."

ஆஸ்பத்திரியில் பொலிசும் கிளப் செயலாளரும் கேட்டார்கள் — தோட்டாவை அடைத்தது யார்?

"நான்தான். தனியாக" என்றார் ரொன்.

நான் கட்டில் காலடியில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் உள்துறை அலுவலகத்தில் கிடந்தது. ஒரு யாழ்ப்பாணத்தான், ஒரு துவக்கு, வெடிமருந்து... மூன்றும் ஒரே பைலில் ஏறினால்? வீட்டுக்கு வந்து ராஜியிடம் சொன்னேன். "இப்ப வாயைத் திறவாதேங்கோ. பாஸ்போட் வரட்டும்" என்றாள்.

ரொனுக்கு பஸ் ஓட்டுகிற லைசென்ஸ் போனது. துவக்கு லைசென்ஸும் போனது. டிப்போ கன்ரீனில் மேசை துடைக்கிற வேலை கொடுத்தார்கள், ஒரு வருஷத்தில் அதுவும் நின்றது. கிளப் அறிவிப்புப் பலகையில், கவனமில்லாமல் தோட்டா அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமாக அவர் பெயரைப் போட்டு ஒரு தாள் ஒட்டினார்கள். நான் சுடுவதை நிறுத்திவிட்டேன். அந்தத் தாளைப் பார்க்க முடியாமல்தான்.

ஆறு மாதத்தில் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. வாசலில் ஒரு போத்தல் விஸ்கியோடு ரொன். "வாழ்த்துக்கள், அயலவா!"

அவர் போன பிறகு ராஜி சொன்னாள்: "இப்பவாவது சொல்லுங்கோவன்."

"இப்ப சொல்லி என்ன செய்யிறது?" என்றேன். பாருங்கள், அந்த வசனத்துக்குக் குடியுரிமைக் காரணம்கூட இல்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பொலிஸ்காரர் ரிவோல்வரை வாங்கி, அதில் ஒரு சீட்டுத் துண்டு கட்டி, உள்ளே கொண்டுபோனார். நாங்கள் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். அப்போதுதான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. டை, எண்ணெய், சோறு ஆறுது... எல்லாவற்றையும்.

ரொன் றோட்டைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பெட்டியில் நான் பென்சிலால்தான் எழுதுவேன். அது பேனை."

"பிறகு ஏன் நீங்கள் அடைத்ததாகச் சொன்னீர்கள்?"

"உன் பேப்பர் வர வேண்டியிருந்தது. வந்ததும் நீயே வருவாய் என்று நினைத்தேன். அந்த விஸ்கியைக் கொண்டுவந்தது எதற்காம்? உனக்குச் சொல்ல ஒரு சாட்டு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மணித்தியாலம் இருந்தேன். நீ கிரிக்கெட் பற்றிப் பேசினாய்."

மன்னிப்புக் கேட்டேன்.

"என்னிடம் சொல்லி என்ன? மாதக் கடைசியில் கிளப்பை மூடுகிறார்கள். இருபது வருஷம் என்னோடு சுட்டவர்கள் என்னைக் கவனமில்லாதவன் என்று நினைத்தபடி பிரிந்து போகப்போகிறார்கள். பிறகு யாரிடம் போய்ச் சொல்வாய்?"

பஸ் வந்தது. ரொன் ஏறினார். நான் ஏறவில்லை. ஏறச் சொல்லி அவர் கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை செயலாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேற்று அவர் போன் பண்ணினார். கடைசிக் கூட்டத்தில் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பாராம். நானும் வந்து நிற்க வேண்டுமாம். வருகிறேன் என்றேன். பொலிசுக்கும் இது போகக்கூடும் என்றார். போகட்டும் என்றேன்.

ரொன் இன்னும் வேலிப் பக்கம் வரவில்லை. வருவார் என்று ராஜி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் அந்தக் கடிதம், பிறகுதான் இந்தப் பத்தி. வரிசை மாறியிருந்தால் இதை எழுதியதோடு என் மனம் ஆறியிருக்கும், கடிதம் போயிருக்காது — ரொனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.